படகில் பார்த்தால் தெரியும் சென்னை

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில் இருந்து பொதிகை எக்ஸ்பிரஸில் எழும்பூருக்குப் போகிறவர்களுக்கு சென்னையின் ஆறு ஒன்று சில நொடிகள் மட்டும் கண்ணில் படும். கிண்டியைத் தாண்டி சைதாப்பேட்டை வருவதற்கு முன்னால் ஒரு பாலம். கீழே கறுத்த தண்ணீர், ஆகாயத்தாமரை, ஓரத்தில் குடிசைகள். மூக்கைப் பொத்திக்கொண்டு பெட்டியை இறக்கத் தயாராவார்கள். அவ்வளவுதான் அடையாறு!

மழை பெய்தால் மட்டும் மலையில் இருந்து ஓடை வரும் ஊரில் பிறந்தவர்களுக்கு இதைப் பார்த்தால் ஆச்சரியமாகத்தான் இருக்கும். வருஷம் பூராவும் தண்ணீர் நிற்கிற மூன்று ஆறுகள், ஊரின் நடுவே ஒரு நீண்ட கால்வாய், கடலோரக் கழிமுகங்கள், சதுப்பு நிலம் எல்லாம் ஒரே ஊருக்கு வாய்த்திருக்கின்றன. ஆனால் அந்த ஊர்க்காரர்களில் எத்தனை பேர் அதில் படகில் போயிருப்பார்கள்?

ஒரு காலத்தில் நிறைய பேர் போனார்கள். சென்னையின் வரலாற்றைப் புத்தகத்தில் படிப்பது ஒரு வழி. ஒரு சின்னப் படகை எடுத்துக்கொண்டு வடக்கே எண்ணூரில் இருந்து தெற்கே முட்டுக்காடு வரை போவதாகக் கற்பனை செய்து பார்ப்பது இன்னொரு வழி. இந்தக் கட்டுரை இரண்டாவது வழியில் போகிறது.

ஏன் கயாக்?

கயாக் என்பது ஒருவரோ இருவரோ உட்கார்ந்து, இரண்டு முனையிலும் தட்டை வைத்த துடுப்பால் தள்ளிப்போகும் ஒடுங்கிய படகு. வட துருவத்தை ஒட்டி வாழும் இனூயிட் மக்கள் சீல் தோலைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, வேட்டைக்காக இதைச் செய்தார்கள். இப்போது பிளாஸ்டிக்கிலும் ஃபைபரிலும் வருகிறது.

இதை வைத்து ஊர் சுற்றிப் பார்க்கும் பழக்கத்தை ஐரோப்பாவில் பிரபலப்படுத்தியவர் ஜான் மெக்ரெகர் என்ற ஸ்காட்லாந்துக்காரர். தொழில் வக்கீல். 1865-ல் 'ராப் ராய்' என்று பெயர் வைத்த சின்னப் படகில் ஐரோப்பாவின் ஆறுகளில் சுற்றிவிட்டு, அடுத்த வருஷம் அதைப் புத்தகமாக எழுதினார். அது பரபரப்பாக விற்றது. சாலையில் இருந்து பார்க்க முடியாத ஊர்களின் இன்னொரு முகத்தை அவர் காட்டியதுதான் காரணம்.

கயாக்குக்கு ஆழம் வேண்டாம். ஒரு முழம் தண்ணீர் இருந்தாலே போதும். தாழ்ந்த பாலத்துக்குக் கீழே நுழையும். சத்தம் போடாது. சென்னை மாதிரி ஆழமில்லாத கழிமுக ஊருக்கு இதைவிடப் பொருத்தமான வண்டி கிடையாது.

எண்ணூர்: உப்பும் விறகும்

பயணம் தொடங்கும் இடம் எண்ணூர்க் கழிமுகம். பூண்டி நீர்த்தேக்கத்தைத் தாண்டி வரும் கொசஸ்தலை ஆறு இங்கேதான் கடலில் சேர்கிறது. சதுப்பு மரங்கள், உப்பளங்கள், சேற்றில் இறால், நண்டு. இங்கே இருளர் மக்கள் வலை இல்லாமல் கையாலேயே தடவி இறால் பிடிப்பார்கள். மீனவ கிராமங்கள் எந்த நாளில் யார் எந்த இடத்தில் வலை போடுவது என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். அதற்குப் 'பாடு' என்று பெயர்.

இங்கிருந்து தெற்கே திரும்பினால் பக்கிங்காம் கால்வாய். 1806-ல் இதைத் தொடங்கியவர் பேசில் கோக்ரன் என்ற ஸ்காட்லாந்து வியாபாரி. சென்னையில் இருந்து எண்ணூர் வரை சுமார் 11 மைல். கடலோரம் இருந்த காயல்களை வெட்டி இணைத்து, உப்பையும் விறகையும் ஊருக்குள் கொண்டுவருவதுதான் நோக்கம். முதலில் 'கோக்ரன் கால்வாய்' என்றுதான் பெயர்.

(இந்தக் கோக்ரன் பின்னாளில் லண்டனுக்குத் திரும்பி நீராவிக் குளியல் நிலையம் நடத்தினார். அங்கே வேலை பார்த்தவர்தான் இங்கிலாந்தில் 'ஷாம்பூ' குளியலைப் பிரபலப்படுத்திய பாட்னாக்காரர் ஷேக் தீன் முகமது. உலகம் சின்னது!)

சென்னைக்கு அப்போது துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகள்தான் அலையைத் தாண்டி சரக்கையும் ஆளையும் கரைக்குக் கொண்டுவரும். அப்படிப்பட்ட ஊரில் அலையே இல்லாமல் சரக்குக் கொண்டுவர ஒரு வழி கிடைத்தால் அதன் மதிப்பு எவ்வளவு என்று நினைத்துப் பாருங்கள். கடலில் புயல் அடித்தாலும் உள்ளே கால்வாயில் தோணி போகும்.

பிறகு அரசாங்கம் கால்வாயைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. கொஞ்சம் கொஞ்சமாக நீட்டியது. வடக்கே ஆந்திராவின் பெத்தகஞ்சத்தில் இருந்து தெற்கே மரக்காணம் வரை சுமார் 420 கிலோமீட்டர். அதற்கும் வடக்கே கிருஷ்ணா, கோதாவரிப் பாசனக் கால்வாய்களோடு சேர்ந்து காக்கிநாடா வரைக்கும் தண்ணீர் வழி கிடைத்தது.

பஞ்சம் வெட்டிய கால்வாய்

கால்வாயில் தெற்கே போனால் பேசின் பிரிட்ஜ். தோணிகள் வந்து நின்ற இடம். அதைத் தாண்டி சென்ட்ரல் ஸ்டேஷன் ஓரமாகப் போய்க் கூவத்தைத் தொடலாம். 1877 வரைக்கும் கூவத்துக்குத் தெற்கே கால்வாய் தொடரவில்லை. கூவத்துக்கும் அடையாற்றுக்கும் நடுவில் சுமார் 8 கிலோமீட்டர் இடைவெளி இருந்தது.

அந்த இடைவெளியை வெட்டியது தாது வருஷப் பஞ்சம். 1876 முதல் 1878 வரை தென்னிந்தியா முழுக்க மழை பொய்த்து, லட்சக்கணக்கான பேர் செத்துப்போனார்கள். பிழைக்க வழி தேடி சனங்கள் கூட்டம் கூட்டமாகச் சென்னைக்கு நடந்தார்கள். அவர்களுக்கு அரசாங்கம் கொடுத்த நிவாரணம் சும்மா கொடுத்த சோறு இல்லை. மண் வெட்டினால் கூலி, கூலிக்குத் தானியம். அந்தக் கூலியையும் குறைக்கலாம் என்று வந்தவர் சர் ரிச்சர்ட் டெம்பிள். ஒரு ஆளுக்கு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம் (அரைக் கிலோவுக்கும் குறைவு) போதும் என்று கணக்குப் போட்டார்.

அந்தக் கூலிக்கு எலும்பும் தோலுமாக இருந்தவர்கள் வெட்டியதுதான் சேப்பாக்கம், மயிலாப்பூர் வழியாக அடையாற்றைத் தொடும் பகுதி. வெட்டி முடித்ததும் மொத்தக் கால்வாய்க்கும் அப்போதைய கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் பெயர் வைக்கப்பட்டது. வெட்டியவர்களில் ஒருவர் பெயர்கூட அங்கே கிடையாது.

அதற்குப் பிறகு எண்பது வருஷங்களுக்கு மேல் விறகு, கரி, உப்பு, நெல், சுண்ணாம்புக்கான கிளிஞ்சல் எல்லாம் இதில் வந்தன. காற்று இருந்தால் பாய் விரிப்பார்கள். இல்லாவிட்டால் ஒருவர் கோல் ஊன்றித் தள்ள, இன்னொருவர் கரையில் கயிற்றைத் தோளில் போட்டு இழுத்துக்கொண்டு நடப்பார். கடல் ஏற்றத்தையும் வற்றத்தையும் சமாளிக்க ஆங்காங்கே இரட்டைக் கதவு வைத்த மதகுகள் இருந்தன. 1930-களில் பாரதிதாசன் நண்பர்களோடு இந்தக் கால்வாயில் படகேறி மாமல்லபுரம் போயிருக்கிறார். 'மாவலிபுரச் செலவு' என்ற அவருடைய கவிதை அந்தப் பயணம்தான்.

கூவம்: கோட்டையின் காவல் ஆறு

சென்ட்ரல் பக்கம் கால்வாய் கூவத்தில் சேரும் இடத்தில் ஒரு விஷயம் கவனிக்கலாம். 1639-ல் ஆங்கிலேயர்கள் இங்கே இடம் வாங்கியபோது கிழக்கே கடல், தெற்கே கூவம், மேற்கே எழும்பூர் ஆறு. மூன்று பக்கமும் தண்ணீர். கோட்டை கட்ட அது வசதியான இடம். பின்னாளில் இரண்டு ஆறுகளையும் ஒரு வெட்டுவாய்க்காலால் இணைத்தார்கள். நடுவில் மாட்டிக்கொண்ட மண்தான் 'தீவுத்திடல்'. பொருட்காட்சிக்குப் போகிற பலருக்கு அது நிஜமாகவே ஒரு தீவு என்பது தெரியாது. சாலையில் போனால் தெரியாது, படகில் சுற்றினால்தான் தெரியும்!

மேற்கே கொஞ்சம் துடுப்புப் போட்டால் சிந்தாதிரிப்பேட்டை. 1734-ல் கம்பெனிக்காரர்கள் நெசவாளர்களைக் குடியேற்றிய ஊர். ஆறு அதைச் சுற்றி வளைந்து ஓடுகிறது. எதிர்க்கரையில் கோமளீஸ்வரன்பேட்டை. பச்சையப்ப முதலியார் கூவத்தில் குளித்துவிட்டுத்தான் அங்கே கோயிலுக்குப் போவார் என்று சொல்வார்கள். அவர் இறந்தது 1794-ல். கூவத்தில் குளித்தார் என்று இன்று சொன்னால் சிரிப்பார்கள். இருநூற்றுச் சொச்சம் வருஷத்தில் ஒரு ஆறு குளிக்கும் துறையில் இருந்து கெட்ட வார்த்தையாக மாறிவிட்டது.

எப்படி மாறியது? திருவள்ளூர் மாவட்டத்துக் கூவம் கிராமத்தில் தொடங்கும் ஆறு அது. மேலே வரும் தண்ணீர் ஏரிகளுக்கும் ஊருக்குக் குடிக்கவும் திருப்பப்பட்டது. கீழே சாக்கடை வந்து சேர்ந்தது. வாய்ப்பக்கம் அடைத்துக்கொண்டது. நேப்பியர் பாலத்தைத் தாண்டி முகத்துவாரத்துக்குப் போனால் மணல்திட்டு குறுக்கே நிற்பதைப் பார்க்கலாம். நம் கிழக்குக் கரையில் அலைகள் மணலைத் தெற்கில் இருந்து வடக்கே தள்ளிக்கொண்டே போகும். 1875-ல் தொடங்கிக் கட்டிய துறைமுகச் சுவர் அந்த மணலைத் தடுத்தது. தடுத்த மணல் தெற்கே சேர்ந்தது. மெரினா கடற்கரை அகலமானது அதனால்தான். கூவத்தின் வாய் அடிக்கடி மூடிக்கொள்வதும் அதனால்தான். ஒரே மணல், ஊருக்கு அழகையும் நாற்றத்தையும் சேர்த்துக் கொடுத்தது.

1970-களின் தொடக்கத்தில் கூவத்தைச் சுத்தம் செய்து படகு விடும் முயற்சி நடந்தது. படகுத் துறைகள் கூடக் கட்டினார்கள். படகு நிலைக்கவில்லை.

கால்வாய்க்குள் ரயில்

திரும்பக் கால்வாய்க்கு வந்து சேப்பாக்கம் வழியாக மயிலாப்பூர் பக்கம் போனால் கயாக் ஓட்டுகிறவர் தலைக்கு மேல் ரயில் ஓடும். பறக்கும் ரயில். 1995-ல் கடற்கரையில் இருந்து சேப்பாக்கம் வரையும், 1997-ல் மயிலாப்பூர் வரையும், பிறகு 2004-ல் திருவான்மியூருக்கும் 2007-ல் வேளச்சேரிக்கும் நீண்டது. நிலம் வாங்கும் செலவு இல்லை என்று கால்வாயிலேயே தூண்களை நட்டார்கள்.

அதற்கு முன்பே கால்வாய் செத்துக்கொண்டிருந்தது. லாரியும் ரயிலும் சரக்கைப் பிடித்துக்கொண்டன. 1965, 1966 புயல்கள் கரையை உடைத்து மண்ணை நிரப்பின. தோணிகள் நின்றன.

இங்கேதான் இந்த வரலாற்றின் முக்கியமான இடம் இருக்கிறது. தோணி ஓடியவரை தண்ணீருக்கு ஆழம் இருக்கிறதா, மதகு திறக்கிறதா, கரை இடிந்திருக்கிறதா என்று தினமும் பார்ப்பதற்கு ஆள் இருந்தது. பார்க்காவிட்டால் அவர்களுக்குப் பிழைப்பு இல்லை. தோணி நின்ற நாளில் அந்தக் கண்களும் போய்விட்டன. அதற்குப் பிறகு கால்வாயைப் பற்றி முடிவெடுத்தவர்கள் எல்லாரும் அதைப் பாலத்தின் மேலே நின்று பார்த்தவர்கள். மேலே இருந்து பார்த்தால் அது காலி இடமாகத்தான் தெரியும். காலி இடத்தில் தூண் நடலாம், குப்பை கொட்டலாம், சாக்கடையைத் திருப்பி விடலாம்.

அடையாறு: போர், பாலம், வெள்ளம்

கால்வாய் முடிந்து அடையாறு வந்ததும் திடீரென்று அகலமான தண்ணீர். தென்கரையில் 1882 முதல் பிரம்மஞான சபையின் தோட்டம். கழிமுகத்தில் நாரைகளும் கொக்குகளும். கடலை ஒட்டி உடைந்த பாலம். 1967-ல் கட்டி, 1977 வெள்ளத்தில் நடுவே உடைந்து, இப்போது சினிமாப் படப்பிடிப்புக்குப் பேர்போன இடம்.

1746 அக்டோபர் 24 அன்று இந்தக் கழிமுகத்தில்தான் அடையாற்றுப் போர் நடந்தது. சென்னையைப் பிடித்திருந்த பிரெஞ்சுக்காரர்களை விரட்ட ஆற்காட்டு நவாப் தன் மகன் மாபூஸ்கானை அனுப்பினார். பிரெஞ்சுத் தளபதி பாரதி (பெயர்தான் அப்படிக் கேட்கும், பிரெஞ்சில் 'பாரதீஸ்' என்று எழுதுவார்கள்) தன்னிடம் இருந்த சின்னப் படையை ஆழமில்லாத ஆற்றில் இறக்கிக் கடந்துபோய், பல மடங்கு பெரிய நவாப் படையைத் துப்பாக்கியால் சிதறடித்தார். பயிற்சி பெற்ற சின்னப் படை போதும் என்ற பாடம் ஐரோப்பியர்களுக்குக் கிடைத்தது இங்கேதான் என்று வரலாற்று ஆசிரியர்கள் சொல்வார்கள்.

மேற்கே போனால் போட் கிளப். 1867-ல் தொடங்கிய மெட்ராஸ் போட் கிளப் இன்றும் இந்த ஆற்றில் துடுப்புப் பயிற்சி நடத்துகிறது. விறகுத் தோணி போய்விட்டது, விளையாட்டுப் படகு மட்டும் மிஞ்சியது.

இன்னும் மேலே சைதாப்பேட்டை. 1726-ல் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வியாபாரி தன் சொந்தச் செலவில் இங்கே மர்மலாங் பாலம் கட்டினார். பரங்கிமலைக்குப் போகிறவர்கள் ஆற்றில் இறங்கிக் கஷ்டப்படக் கூடாது என்று. இப்போது அந்த இடத்தில் மறைமலை அடிகள் பாலம் இருக்கிறது.

அந்தப் பாலத்துக்குக் கீழே ஓடும் கறுத்த தண்ணீர்தான் 2015 டிசம்பர் 1 இரவு ஊருக்குள் வந்தது. செம்பரம்பாக்கம் ஏரியில் இருந்து நொடிக்கு 29,000 கன அடி திறந்துவிடப்பட்டது. மற்ற ஏரிகளின் உபரி நீரும் சேர்ந்தது. கோட்டூர்புரம், சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டை எல்லாம் மூழ்கின. மாடியில் மாட்டிக்கொண்டவர்களைக் காப்பாற்ற மீனவர்கள் தங்கள் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். படகுகளை மறந்த ஊரின் தெருக்களில் அன்றைக்குப் படகு ஓடியது. ஆற்றுக்குத் தன் பழைய வழி மறக்கவில்லை, ஊருக்குத்தான் மறந்துபோயிருந்தது.

தெற்கே: யாருக்கு எந்த இடம்?

அடையாற்றுக்குத் தெற்கே கால்வாய் மறுபடியும் தொடங்கி, பழைய மகாபலிபுரம் சாலைக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் நடுவே ஓடுகிறது. ஒக்கியம் மடுவு வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் தண்ணீர் இதில் வந்து விழும். 2022-ல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற சதுப்பு நிலம் அது. தென்சென்னையின் மழைநீர் எல்லாம் வடிய வேண்டிய தாழ்ந்த பகுதி.

அந்தத் தாழ்ந்த பகுதியை ஒட்டித்தான் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் குடியிருப்புகள் கட்டப்பட்டன. 2000-க்குப் பிறகு கூவம், அடையாறு, கால்வாய்க் கரைகளில் இருந்து அப்புறப்படுத்தப்பட்ட ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இங்கே அனுப்பப்பட்டன. ஆற்றங்கரை ஆபத்து என்று சொல்லி அனுப்பிய இடத்திலும் மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கிறது. பஞ்சத்தில் கால்வாய் வெட்டியவர்களுக்குப் பெயர் இல்லாமல் போனதையும் இதையும் சேர்த்துப் படித்தால், இந்தத் தண்ணீர் வழிகளின் வரலாற்றில் பாரம் எப்போதும் யார் தோளில் விழுந்திருக்கிறது என்பது புரியும்.

கடைசியில் கோவளம் கழிமுகம், முட்டுக்காடு. 1984 முதல் சுற்றுலாத் துறையின் படகு இல்லம் இருக்கிறது. அகலமான உப்புத் தண்ணீர், காற்று, மீன்கொத்திகள். இங்கே நிஜமாகவே படகேறலாம்.

இன்றைக்கு முடியுமா?

எண்ணூரில் இருந்து முட்டுக்காடு வரை மேலே சொன்ன பாதை முழுவதையும் இன்று கயாக்கில் போவது நல்ல யோசனை இல்லை. நகரத்துக்குள் ஓடுவது பெரும்பாலும் சாக்கடை. கண்ணில் பட்டாலே நோய் வரும். முகத்துவாரங்களில் நீரோட்டம் ஆளை இழுக்கும். முட்டுக்காடு மாதிரி அனுமதி உள்ள இடத்தில், மிதவைச் சட்டை போட்டுக்கொண்டு, தெரிந்தவர்களோடு போவதுதான் சரி.

எண்ணூரிலும் நிலைமை சுகமில்லை. அனல் மின் நிலையச் சாம்பல் கழிமுகத்தில் படிந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கம் இருந்து எண்ணெய் கலந்து கால்வாய் வழியாகக் கழிமுகத்துக்கு வந்தது. மீனவர்களின் படகும் வலையும் கறுத்துப்போயின. இருநூறு வருஷத்துக்கு முன்னால் எந்த வழியாக உப்பு வந்ததோ, அதே வழியாக எண்ணெய் போனது.

ஆனால் வேறு ஊர்களைப் பார்த்தால் நம்பிக்கை இல்லாமல் இல்லை. லண்டனின் தேம்ஸ் நதியை 1957-ல் 'உயிரற்ற ஆறு' என்று அறிவித்தார்கள். இன்று அதில் மீனும் சீலும் இருக்கின்றன, கயாக் சுற்றுலாவும் நடக்கிறது. கோபன்ஹேகனில் 2017-ல் ஒரு திட்டம் தொடங்கினார்கள். தண்ணீரில் இருக்கும் குப்பையைப் பொறுக்கித் தந்தால் கயாக் வாடகை இலவசம்! சென்னையிலும் அடையாற்றுக் கழிமுகத்தில் குப்பை கொட்டிக் கிடந்த 58 ஏக்கர் சீர்செய்யப்பட்டு 2011-ல் தொல்காப்பியப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. இப்போது அங்கே பறவைகள் வருகின்றன. 2008-ல் பக்கிங்காம் கால்வாயைத் தேசிய நீர்வழி எண் 4-ன் ஒரு பகுதியாக அறிவித்ததும் இருக்கிறது. சென்னைக்குள் தோணிதான் இன்னும் வரவில்லை.

ஒரு ஆற்றைச் சுத்தம் செய்யப் பணமும் திட்டமும் வேண்டும், உண்மைதான். ஆனால் அதற்கு முன்னால் அந்த ஆற்றைத் தினமும் பார்க்கிற ஆட்கள் வேண்டும். எண்ணூர் மீனவர்கள் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், எண்ணெய் வந்ததை ஊருக்கு உரக்கச் சொன்னதும் அவர்கள்தான். பாலத்தின் மேலே ரயிலில் மூக்கைப் பொத்திக்கொண்டு போகிறவர்கள் ஒரு முறை கையை எடுத்துவிட்டுக் கீழே குனிந்து பார்த்தால், அந்தக் கறுத்த தண்ணீரில் ஒரு காலத்தில் படகு போனது ஞாபகம் வந்தால், அதுவே ஒரு தொடக்கம்தான்.